மாலை போட்டபின் திருத்தம் கிடையாது

பயப்படாதீர்கள் மேடம். அந்தச் சத்தம் செண்பகவடிவு அம்மாள்.

எழுந்திருக்க வேண்டாம், உட்காருங்கள். அம்மாள் என்றால் அம்மாள் இல்லை, அவர்களுடைய படம். பால்கனியில் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்திருக்கிறேன். பின்பக்கம் ஆணியில் மாட்டுகிற கம்பி இருக்கிறதல்லவா, காற்றடித்தால் அது சிமெண்டில் உரசி இப்படித்தான் கிர்ரென்று இழுக்கும். அப்புறம் ஃப்ரேம் ஒரு தட்டுத் தட்டும். பொழுது சாய்ந்ததில் இருந்து இதே பாட்டுத்தான். யாரோ பல்லைக் கடிக்கிற மாதிரி இல்லை? முதல் தடவை கேட்டபோது நானே விளக்குமாற்றோடு போய்ப் பார்த்தேன். நல்லவேளை, மகள் ஷெரின் தூங்குகிறாள். ஒரு நிமிஷம் இருங்கள், அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருகிறேன்.

ஒன்றுமில்லை. லேசாகச் சுடுகிறது. மத்தியானத்தில் இருந்து அப்படித்தான். பல் முளைக்கிற காய்ச்சலாக இருக்கும். ஆனால் பல் எல்லாம் எப்போதோ முளைத்தாகிவிட்டது.

கரண்ட் வந்துவிடும். மெழுகுவர்த்தி வெளிச்சம் போதும்தானே? உங்கள் மாமனார் போட்டோவைப் பகலில் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் கேட்டது, போட்டோவைப் பார்த்துப் படம் வரைய என் நிபந்தனைகள். நல்ல கேள்வி. இந்த ஊரில் யாரும் அதைக் கேட்பதில்லை. 'எவ்வளவு ஆகும், எப்போ கிடைக்கும்' இந்த இரண்டுதான். இந்தக் கார்டில் எல்லாம் அச்சடித்து வைத்திருக்கிறேன், 'ஹெப்சி ஆர்ட்ஸ்' என்று. வாங்கி விசிறிக்கொள்வார்கள். அதனால் நான் வாயாலேயே சொல்லிவிடுகிறேன். கான்வென்ட்டில் எங்கள் சிஸ்டர் இமாகுலேட் சொல்வார்கள், விதி இல்லாத வீட்டுக்குள் பிசாசு கேட்காமலே வந்து நாற்காலி போட்டு உட்காரும் என்று. அதனால் நான் முதல் ஆர்டருக்கு முன்னாலேயே விதி எழுதிவிட்டேன். பிசாசு வந்தால் நிற்கட்டும்.

முதல் நிபந்தனை, போட்டோவில் முகம் முழுசாக இருக்க வேண்டும். சிரிக்காதீர்கள். கல்யாண வீட்டுக் குரூப் போட்டோ ஒன்றைக் கொண்டுவந்தார் ஒருவர். அவருடைய அப்பா வாழைமரத்துக்குப் பின்னால் பாதி தெரிகிறார். மீதிப் பாதியும் இதே மாதிரிதான் இருக்கும், போட்டுவிடுங்கள் என்றார். போட்டேன். படத்தை வாங்கிக்கொண்டு போனவர் சாயங்காலமே திரும்பி வந்து, எங்க அப்பாவுக்கு அந்தப் பக்கம் காதே கிடையாதே என்கிறார். சின்ன வயதில் நாய் கடித்துவிட்டதாம். வாழைமரத்துக்குப் பின்னால் ஏன் போய் நின்றார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மகனுக்குப் புரியவில்லை.

இரண்டாவது, வாயை மூடியிருக்கிற ஆளைச் சிரிக்கவைக்கச் சொல்லக் கூடாது. வந்தார்கள் ஒரு அம்மாள். புருஷன் வாழ்நாள் முழுக்கச் சிரித்ததே இல்லையாம். படத்திலாவது பார்த்துக்கொள்கிறேன் என்றார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. ஆனால் பல்லுக்கு எங்கே போவது? என் வீட்டுக்காரர் கிளமெண்டின் பல்லை ஞாபகத்தில் இருந்து எடுத்துப் போட்டேன். அவர் மஸ்கட்டில் இருக்கிறார், ஆட்சேபிக்க மாட்டார். அந்த அம்மாள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இது யாரோ என்றார்கள். சிரித்தால் அந்த மனுஷன் யாரோ ஆகிவிடுகிறார், இதில் என் குற்றம் என்ன, நீங்களே சொல்லுங்கள்.

மூன்றாவது வயது. கல்யாணப் பெண்ணுக்குப் பக்கத்தில் இறந்துபோன அப்பாவை நிறுத்தி வரையச் சொல்வது இப்போது வழக்கமாகிவிட்டது. கண்ணீர் விட்டுக் கேட்பார்கள். ஆனால் கொடுக்கிற போட்டோவில் அப்பாவுக்குக் கிருதாவும் பெரிய காலரும் இருக்கும், பெண்ணைவிட இரண்டு வயது கூட இருந்தால் அதிகம். அப்படியே நிறுத்தினேன் ஒரு தடவை. மாப்பிள்ளை வீட்டில் இது யார் என்று கேட்டுவிட்டார்களாம்.

நான்காவது நிறம். ஆளைச் சிவப்பாக்கச் சொல்வார்கள். ஒரு பிடி ஏற்றுவேன், இரண்டு பிடி ஏற்ற மாட்டேன். இதில் நான் கறார். ஐந்தாவது, என் வேலை நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து 'மூக்கு எங்க அத்தை மூக்கு' என்று சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது.

ஆறாவதுதான் முக்கியம். மாலை போட்டபின் திருத்தம் கிடையாது. ஃப்ரேம் போட்டு, பொட்டு வைத்து, மாலை சாத்தி, ஊரைக் கூட்டிப் படத்திறப்பு நடத்தி, ஒருவர் மைக்கில் பேசியும் விட்டால் அதற்கப்புறம் அது படம் இல்லை மேடம், ஆள். ஆளை எப்படித் திருத்துவது?

ஏழாவது அச்சில் இல்லை. பேனாவில் எழுதியிருக்கிறேன் பாருங்கள், ஓரத்தில். போட்டோவில் இல்லாததை வரைய மாட்டேன். ஆமாம், மாமனாருக்கு ஒரு கைக்கடிகாரம் போட்டால் எடுப்பாக இருக்கும் என்று நீங்கள் வந்தவுடனே சொன்னீர்கள். அவரிடம் கடிகாரம் இருந்ததா? இல்லை. அதுதான். இல்லாத கடிகாரத்தைப் போட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ஏன் என்று கேட்காதீர்கள்.

சரி, கேட்கிறீர்கள். சொல்கிறேன். ஆனால் இதில் நான்தான் பாதிக்கப்பட்டவள் என்பதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த மாடியே சங்கரநயினார் அண்ணாச்சியுடையது. கீழே பூட்டியிருக்கிறதே, அந்த இரும்புக் கடையும் அவருடையதுதான். நல்ல மனுஷர். தனியாகக் கைப்பிள்ளையோடு இருக்கிற பெண்ணுக்கு இந்த ஊரில் வேறு யார் மாடி கொடுப்பார்கள்? அவருடைய அம்மாதான் செண்பகவடிவு அம்மாள். போன வருஷம் தவறினார்கள். வருஷ திதிக்குப் படத்திறப்பு வைக்க வேண்டும் என்று அண்ணாச்சியே படியேறி வந்தார். மகளுக்குப் பெரிய இடத்தில் நிச்சயம் ஆகியிருந்தது, சம்பந்தி வீட்டார் வருகிறார்கள், ஹாலில் அம்மை படம் இல்லாமல் வெறும் சுவராக இருந்தால் நன்றாகவா இருக்கும்?

அவர் கொடுத்த போட்டோ என்ன தெரியுமா? கூட்டுறவுச் சங்கத்து அட்டையில் ஒட்டியிருந்தது. தபால்தலை அளவு. அம்மாளுக்கு அப்போது ஐம்பது இருக்கலாம், அவர்கள் வீட்டுக்காரர் இருந்த காலம். கன்னத்தில் பாதி சங்கத்துச் சீல் மை. கழுத்தில் ஒரு மஞ்சள் கயிறு. அவ்வளவுதான்.

"எங்கம்மை மகாராசி மாதிரி இருக்கணும் டீச்சர்" என்றார் அண்ணாச்சி. நான் கான்வென்ட்டில் கொஞ்ச நாள் டிராயிங் எடுத்தேன், அதனால் டீச்சர். இதே வார்த்தைதான் மேடம், ஒரு எழுத்து நான் கூட்டவில்லை. மகாராசி.

முகம் நன்றாக வந்துவிட்டது. சீல் மையை எடுத்துவிட்டேன், கன்னம் வந்தது. கண்ணில் ஒரு சோர்வு இருந்தது, அதைக் கருணை ஆக்கினேன். கழுத்துதான். கயிறும் எலும்பும். மகாராசி கழுத்திலா மஞ்சள் கயிறு? என் மேஜைக்கு எதிரே அப்போது ஒரு நகைக்கடைக் கேலண்டர் தொங்கிக்கொண்டிருந்தது. அதில் ஒரு பெண், கழுத்தில் இருந்து வயிறு வரைக்கும் காசுமாலை. கை தானாகப் போயிற்று. ஷெரின் தூங்குகிற நேரமெல்லாம் உட்கார்ந்து, காசு காசாக, ஒவ்வொரு காசிலும் லட்சுமி தெரிகிற மாதிரி போட்டேன். என் வாழ்க்கையிலேயே அப்படி ஒரு நகையை நான் வரைந்ததில்லை. அணிந்ததும் இல்லை. இத்தனைக்கும் அதற்காகத் தனியாக எதுவும் கேட்கவில்லை. அன்பளிப்பு. அந்தக் கேலண்டர் இப்போது இல்லை, கிழித்து அரிசிப் பானைக்கு அடியில் விரித்துவிட்டேன்.

அண்ணாச்சி முன்னாலேயே படத்தைப் பார்க்கவில்லையா என்கிறீர்கள். எங்கே பார்த்தார்? சமையல்காரர், பந்தல், சம்பந்திக்கு எந்த நாற்காலி என்று அலைந்துகொண்டிருந்தார். துணி சுற்றிய படம் நேரே அம்மாள் இருந்த பழைய வீட்டுக்குப் போயிற்று, அங்கேதான் விழா. நானும் ஷெரினை மடியில் வைத்துக்கொண்டு முன் வரிசையிலேயே உட்கார்ந்திருந்தேன். கலைஞரை மரியாதையாகக் கூப்பிட்டால் போகத்தானே வேண்டும். ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர் ரிப்பனை இழுத்தார். துணி விழுந்தது.

ஒரு சத்தம் இல்லை மேடம். எல்லோரும் என் கைவண்ணத்தில் மெய்மறந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

முதலில் பேசியது சம்பந்தி அம்மாள், குழல்வாய்மொழி என்று பெயர். எட்டிப் பார்த்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்து, "ஏன் சம்பந்தி, ஒங்கம்மைக்குக் காசுமாலை உண்டா? சொல்லவே இல்லியே" என்றார்கள். அண்ணாச்சி படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சம்பந்தியைப் பார்த்தார். அவர் என்ன சொல்ல முடியும்? எங்கம்மை கயிற்றோடுதான் இருந்தாள், கூட்டுறவுச் சங்கத்தில் வரிசையில் நின்றாள் என்று சம்பந்தி வீட்டார் முன்னால் சொல்வாரா?

"இருந்துச்சுல்லா. அம்மைக்கு அவுக அம்மை போட்டது" என்றார்.

எனக்கு அவர் மேல் மரியாதை கூடிவிட்டது. ஒரு கலைஞரைச் சபையில் விட்டுக்கொடுக்காத மனசு. ஆனால் அந்தக் குழல்வாய்மொழி அம்மாள் அதோடு விடவில்லை. அடுத்த கேள்வி கேட்டார்கள், ரொம்பச் சாதாரணமாக. அப்படியானால் அது இப்போது யாரிடம் இருக்கிறது?

அதற்குப் பிறகு நடந்ததை நான் கண்ணால் பார்க்காவிட்டால் நம்பியிருக்க மாட்டேன். அண்ணாச்சியின் அக்கா உலகம்மை, படத்தைப் பார்க்கும்வரை அந்த மாலையை நினைத்தே இருக்க மாட்டார்கள், அவர்கள் எழுந்து, அம்மை அதைத் தனக்குத்தான் தருவதாகச் சொல்லியிருந்தாள் என்று அழ ஆரம்பித்துவிட்டார்கள். கல்லிடைக்குறிச்சியில் இருந்து வந்த ஒரு சித்தி, சின்னப் பிள்ளையில் செண்பகத்தக்கா மடியில் படுத்துத் தூங்கி எழுந்தால் கன்னத்தில் காசு பதிந்திருக்கும் என்றார்கள். கன்னத்தைத் தடவிக் காட்டினார்கள் வேறு. ஒரு மாமா அதைச் செய்த ஆசாரியின் பெயரையே சொன்னார். பந்தி முடிவதற்குள் மாலை இன்னும் ஒரு சுற்றுக் கூடிவிட்டது. நான் வரைந்தது ஒற்றைச் சரம்தான். இரட்டைச் சரத்தில் ஒன்றை அம்மாள் உள்ளே விட்டுக்கொள்வார்கள் என்றார் இன்னொருவர். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. குடும்ப விஷயத்தில் வெளி ஆள் தலையிடுவது நாகரிகமா?

இதெல்லாம் நடக்கும்போது ஒருத்தி மட்டும் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். மங்கையர்க்கரசி. அரசி என்பார்கள். அண்ணாச்சியின் தம்பி பெண்டாட்டி. தம்பி லாரியில் போய் விபத்தில் இறந்துவிட்டான், இவள் கைக்குழந்தையோடு மாமியாருடனேயே அந்த வீட்டில் இருந்துவிட்டாள். கடைசிக் காலத்தில் அம்மாளைக் குளிப்பாட்டினது, ஊட்டினது, மலம் அள்ளினது எல்லாம் அவள்தான். அண்ணாச்சி கூப்பிடாமலா இருந்தார்? அவர் வீட்டு ஏசி அம்மாளுக்கு ஒத்துக்கொள்ளாது என்று அவரே சொன்னார். ஆக, அம்மாளோடு இருந்தது யார்? சாவி யார் இடுப்பில் இருந்தது? எல்லோரும் ஒரே நேரத்தில் அவள் கழுத்தைப் பார்த்தார்கள். ஒரு கவரிங் செயின், அதுவும் வெளுத்தது. அவள் கரண்டியைத் தூக்குச்சட்டியிலேயே வைத்துவிட்டுச் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அதுதான் தப்பாகப் போயிற்று. ஏன் மறைக்கிறாள் என்று கேட்டுவிட்டார்கள்.

ஒரு நிமிஷம். நெற்றி.

அப்படியேதான் இருக்கிறது. கூடவில்லை. நீங்களும் வேண்டுமானால் தொட்டுப் பார்க்கிறீர்களா? வேண்டாம், தூங்கட்டும்.

மறுநாள் அண்ணாச்சி இங்கே வந்தார். உலகம்மையும் அவர்கள் வீட்டுக்காரரும் கூட வந்தார்கள். இதோ இந்த இடத்தில்தான் நின்றார்கள், நான் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. "டீச்சர், நீங்க கான்வென்ட்ல படிச்சவுக, பொய் சொல்ல மாட்டீக. படத்துல உள்ளது போட்டோவுல இருந்துச்சா?" என்றார். கேட்கும்போது அவர் முகம் எப்படி இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. நான் வரைய வேண்டும் என்றால் வரைந்து காட்டுவேன். பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட் பார்க்க வந்த பையன் மாதிரி.

நான் பொய் சொன்னேன் என்று நினைக்கிறீர்களா? இல்லை. "கண்ணால் கண்டதைத்தான் அண்ணாச்சி நான் வரைவேன்" என்றேன். இது சத்தியமான வார்த்தை. காசுமாலையை நான் கண்ணால் கண்டேன், கேலண்டரில். எங்கே கண்டாய் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். சிஸ்டர் இமாகுலேட் பொய்யைப் பற்றி ஒரு வருஷம் முழுக்க வகுப்பெடுத்தார்கள், எனக்குத் தெரியாதா? பொய் என்பது வாயால் சொல்வது. கையால் போடுவது அலங்காரம்.

அண்ணாச்சி ஒரு பெருமூச்சு விட்டார். அப்புறம் அப்பா படமும் ஒன்று வேண்டும் என்றார். மாடிப்படிக்கு நான் வந்த நாளில் இருந்து ஒரு பல்பு கேட்டுக்கொண்டிருந்தேன், அன்று சாயங்காலமே ஆள் வந்து மாட்டிவிட்டுப் போனான். கேட்காமலே தண்ணீர்த் தொட்டியையும் கழுவிக் கொடுத்தார்கள். நல்ல மனுஷர் என்று சொன்னேனே.

இதோடு என் பங்கு முடிந்தது. வரைந்தேன், கொடுத்தேன். மற்றதெல்லாம் அவர்கள் வீட்டு விவகாரம். இன்றைக்கு மத்தியானம்வரை நான் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் கதவு தட்டுகிற சத்தம். திறந்தால் அரசி. படத்தைத் தலையில் வைத்துத் தூக்கிக்கொண்டு அந்த வெயிலில் நடந்தே வந்திருக்கிறாள், விறகுக்கட்டு மாதிரி. பிள்ளை பின்னாலேயே படியேறி வருகிறது, ஷெரின் வயதுதான் இருக்கும், காலில் செருப்பு இல்லை. படத்தைச் சுவரில் சாய்த்து வைத்தாள். தண்ணீர் கொடுத்தேன், குடித்தாள். ஷெரின் அப்போது தரையில் பாய் விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள், போர்வை விலகியிருந்தது, அதை இழுத்துவிட்டாள். நான் சட்டென்று நடுவில் போய் உட்கார்ந்துகொண்டேன். ஏன் என்று கேட்டால் தெரியவில்லை.

அப்புறம் சொன்னாள். "நீங்க போட்டது. நீங்களே கழத்திருங்கக்கா."

என்ன வார்த்தை பாருங்கள். செத்துப்போனவர்கள் கழுத்தில் இருந்து நகையைக் கழற்றுகிற மாதிரி. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

நான் இந்தக் கார்டை எடுத்தேன். ஆறாவது நிபந்தனையைக் காட்டி, மாலை போட்டபின் திருத்தம் கிடையாது என்று படித்துக் காட்டினேன். அவளும் விரலை வைத்து எழுத்துக்கூட்டிக் கூடவே படித்தாள். படித்துவிட்டு, சரிதான் என்று தலையை ஆட்டினாள். எனக்கு அவள் மேல் இரக்கம் இல்லை என்று நினைக்காதீர்கள். இப்போது நான் அதை அழித்தால் என்ன ஆகும்? படத்தில் இருந்த மாலையையும் எடுத்துவிட்டாள் என்பார்கள். அவள் நன்மைக்குத்தான் மறுத்தேன். அதை விளக்கியும் சொன்னேன். அப்போ வந்து ஒரு வார்த்தை சொல்லிருங்களேன், நான் எடுக்கலன்னு கூடச் சொல்ல வேண்டாம், நான்தான் வரைஞ்சேன்னு மட்டும் சொன்னாப் போதும் என்றாள். நான் கடவுளே என்று நிற்கிறேன். அண்ணாச்சியைச் சம்பந்தி முன்னால் பொய்யர் ஆக்கச் சொல்கிறாள். அப்புறம் நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எந்தத் தெருவில் வீடு தேடுவேன்? கிளமெண்ட் வருவதற்கு இன்னும் எத்தனை மாதம் இருக்கிறது? போட்டோவில் இல்லாததைப் போட்டவள் என்று பெயர் வந்தால் யார் எனக்கு ஆர்டர் கொடுப்பார்கள்? நீங்கள் கொடுப்பீர்களா?

சரி, அதை விடுங்கள். அவள் போகும்போது சொன்னதுதான் விஷயம். நாளைக்குக் காலையில் குலதெய்வம் சாஸ்தா கோயிலுக்கு எல்லோரும் போகிறார்களாம். அங்கே அவள் பிள்ளை தலையில் ஒரு கையை வைத்து, மறு கையால் எரிகிற சூடத்தை அணைத்துச் சத்தியம் பண்ண வேண்டுமாம். பண்ணாவிட்டால் அப்படியே மூட்டையைக் கட்டிக்கொண்டு வீட்டை விட்டு இறங்க வேண்டும். பெட்டியை இன்றைக்கே அண்ணாச்சி ஆட்கள் வாசலில் எடுத்து வைத்துவிட்டார்கள். பண்ணிவிடுவாயா என்று கேட்டேன்.

"பண்ணிருவேன்க்கா. எனக்கென்ன பயம், நான் எடுக்கலியே. ஆனா எடுக்காதவ சத்தியம் பண்ணுனா அது சும்மா போகாதுன்னு சொல்லுவாக. பொய் சொன்னவுக பிள்ளையத் தேடிப் போகுமாம். அதாக்கும் ஒங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போவோம்னு வந்தேன். ஒங்களுக்கும் கைப்பிள்ள."

மிரட்டல்தானே மேடம் இது? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? மிரட்டல் மாதிரி இல்லையா? வேறு எதற்கு அந்த வெயிலில் வந்து சொல்கிறாள்? என் பிள்ளைக்காகவா? அவள் பிள்ளை தலையில் கை வைக்கப் போகிறவள் என் பிள்ளையைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும்? அந்தப் போர்வையை ஏன் இழுத்துவிட்டாள்?

படத்தை இங்கேயே விட்டுவிட்டு அவள் போய் ஒரு மணி நேரம் ஆகவில்லை, ஷெரினுக்குச் சுட ஆரம்பித்தது.

எனக்கு அதில் எல்லாம் நம்பிக்கை கிடையாது. நாங்கள் கும்பிடுவது வேறு. அந்தச் சாஸ்தாவுக்கு எங்கள் வீட்டு விலாசம் தெரியாது. சத்தியமே பண்ணாதீர்கள் என்றுதான் எங்களுக்கு வேதத்தில் சொல்லியிருக்கிறது. ஆனாலும் மேடம், பொய் சொன்னவர் என்றால் அது அண்ணாச்சியாகத்தானே இருக்க வேண்டும்? அவர்தான் 'இருந்துச்சு' என்று வாயால் சொன்னவர். அந்தச் சித்தி கன்னத்தைத் தடவினார்களே, அவர்கள். ஆசாரி பெயர் சொன்ன மாமா. இத்தனை பேர் இருக்கிறார்கள். வரிசையில் நான் எங்கோ கடைசியில். சரியான தெய்வமாக இருந்தால் அது முதலில் அவர்கள் வீட்டுக்குத்தானே போக வேண்டும்? அவர்கள் பிள்ளைகள் எல்லாம் பெரியவர்கள், தாங்குவார்கள். இவளுக்கு மூன்று வயதுகூட ஆகவில்லை.

இருங்கள். தொட்டுப் பார்த்துவிட்டு வருகிறேன்.

இப்போது கொஞ்சம் கூடியிருக்கிற மாதிரி இருக்கிறது. இல்லை, என் கை சில்லென்று இருக்கிறது, அதனால்.

ஏன் எழுந்துவிட்டீர்கள்? போட்டோவை எடுத்துக்கொண்டீர்கள். கடிகாரம் வேண்டாமா? சரி, இல்லாமலே போடுகிறேன், உட்காருங்கள். படமே வேண்டாமா? நிபந்தனை கேட்டுத்தானே வந்தீர்கள், சொன்னது தப்பா? எல்லோரிடமும் நான் இவ்வளவு சொல்வதில்லை. உண்மையில் யாரிடமும் சொல்லவில்லை. நீங்கள் இந்த ஊர் இல்லை, யாருக்கும் தெரிந்தவர் இல்லை, இன்றைக்குப் போனால் நாளைக்கு வருவீர்களோ மாட்டீர்களோ என்றுதான்.

எங்கே போகிறீர்கள்? அரசி வீட்டுக்கா?

வழி எனக்குத் தெரியாது. நான் சொல்ல மாட்டேன். அந்த வேலையே வேண்டாம் மேடம், நீங்கள் வெளியூர், உங்களுக்கு எதற்கு? உங்கள் பேச்சை யார் நம்புவார்கள்? அண்ணாச்சி நம்ப மாட்டார், நம்பவே மாட்டார். இல்லை, ஒருவேளை நம்புவார். நம்புவதற்கு ஒரு ஆள் வந்து சொல்ல மாட்டாரா என்று அவரும் காத்திருக்கிறாரோ என்னவோ, அன்றைக்கு நின்ற நிலையைப் பார்த்தால். சம்பந்தி அம்மாள் நாளைக்குக் கோயிலுக்கு வரவில்லையாம், அதுவும் ஒரு வசதி. அக்கா உலகம்மைதான் கத்துவார்கள். கத்தட்டும், கத்திவிட்டு ஓய்ந்துவிடுவார்கள்.

இறங்கி வலதுபக்கம் திரும்பாதீர்கள், அது முட்டுச்சந்து. இடதுபக்கம் போய், மாவு மில்லுக்கு அடுத்த தெரு. வாசலில் பெட்டி எடுத்து வைத்திருக்கும் வீடு. நான் சொல்லவில்லை. நீங்களே விசாரித்துப் போனதாக இருக்கட்டும். கேலண்டர் எங்கே என்று கேட்டால், அது ஒன்றும் எனக்குத் தெரியாது. எந்த நகைக்கடை என்று மட்டும் வேண்டுமானால் சொல்லுங்கள், போன வருஷக் கேலண்டர், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உள்ள கடை, பாதி ஊர் வீட்டில் தொங்கியது. அந்தப் பெண் கழுத்தைப் பார்த்தால் குருடனுக்கும் தெரிந்துவிடும்.

என் பெயர் வேண்டாம். எப்படியாவது சொல்லுங்கள், என் பெயர் மட்டும் வேண்டாம். பெயர் இல்லாமல் எப்படிச் சொல்வது என்றால், அது உங்கள் சாமர்த்தியம்.

மேடம், ஒன்று. ஒன்றே ஒன்று. இந்தப் பக்கம் திரும்புங்கள். சத்தியம் பண்ணுவதற்கு முன்னால் சொல்லிவிடுங்கள். பண்ணின பிறகு சொன்னால் பிரயோஜனம் இல்லை. அவள் கையை அந்தப் பிள்ளை தலையில் வைப்பதற்கு முன்னால். காலையில் என்று தள்ளிப்போடாதீர்கள், விடியும் முன்பே கிளம்பிவிடுவார்கள், இப்போதே போய்ச் சொல்லிவிடுங்கள். சூடம் கொளுத்த வேண்டிய அவசியமே இல்லை என்று. ஒருத்தரும் எதையும் அணைக்க வேண்டாம் என்று.

நானும் வரலாம்தான். பிள்ளை தூங்குகிறாளே. அவளைத் தூக்கிக்கொண்டு இந்தக் காற்றில் எப்படி வருவது, நீங்களே சொல்லுங்கள்.

போங்கள். பார்த்து இறங்குங்கள், கைப்பிடி ஆடும். நீங்கள் இங்கே வரவில்லை, நான் உங்களைப் பார்க்கவில்லை, சரியா? முன்னால், மேடம். முன்னால்.

கதவைச் சாத்துகிறேன். தாழ்ப்பாள் போட்டுவிட்டேன்.